மாமா கடைச் சங்கும் லத்தீன் பேரும்

மலர்க் குழு நண்பர்கள் வகுப்புக்கு வந்து, "மெக்கானிக்கல்காரங்க கட்டுரையே தர்றதில்லை, தந்தா காதல் கவிதைதான்" என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். எனக்குக் கவிதை வராது. காதலும் இதுவரை வரவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் சங்குதான். சரி, அதையே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் உச்சிப்புளி. ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகிற பஸ்ஸில் தூங்கிப்போனவர்கள் எங்கள் ஊரைப் பார்த்திருக்க மாட்டார்கள். வடக்கே போனால் பாக் நீரிணை, தெற்கே போனால் மன்னார் வளைகுடா. தலைக்கு மேலே கடற்படை ஹெலிகாப்டர். இவ்வளவுதான் ஊர். என் தாய்மாமா ராமேஸ்வரத்தில் கடலோரமாகத் தட்டி கட்டி ஒரு சங்குக் கடை வைத்திருக்கிறார். சோழி, சிப்பி மாலை, பேர் எழுதிக் கொடுக்கிற சங்கு, ஐவிரல் சங்கு, யானைமுள்ளிச் சங்கு என்று நீங்கள் டூர் வந்தபோது பேரம் பேசி வாங்காமல் போன எல்லாமே அங்கே இருக்கும்.

நான் எட்டாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தேன். சம்பளம் தினம் இருபது ரூபாயும் ஒரு பன்னும். ஒரு நாள் மத்தியானம் சோதனைக்கு நாலு பேர் வந்தார்கள். எந்த ஆபீஸ் என்பதை விடுங்கள். ஒருவர் கையில் ஜெராக்ஸ் தாள். அதைப் பார்த்துப் படித்தார்: "லாம்பிஸ் கைராக்ரா இருக்கா?"

மாமா எழுந்து நின்று பயபக்தியோடு சொன்னார்: "அப்படி யாரும் இங்க இல்லைங்க சார். பக்கத்துக் கடையில வேணா கேட்டுப் பாருங்க."

நான் சிரித்துவிட்டேன். அன்றைக்கு அந்தக் கடையில் சிரித்தவன் நான் ஒருவன்தான். ஐவிரல் சங்கு வைத்திருந்த இரண்டு பெட்டியையும் அவர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். மாமாவும் கூடப் போனார். ராத்திரி ஒன்பது மணிக்குத் திரும்பி வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் திண்ணையில் உட்கார்ந்தார். "நான் என்ன தப்பு பண்ணேன்னே எனக்குப் புரியலடா மாப்ள. என்னமோ பேரு சொன்னாங்க. கையெழுத்து மட்டும் போட்டேன்" என்றார். அப்புறம் கடை எட்டு மாதம் மூடிக் கிடந்தது. மாமா மண்டபத்தில் ஐஸ் கட்டி உடைக்கிற வேலைக்குப் போனார். அத்தையின் சங்கிலி அடகுக்குப் போனது. அது இன்னும் திரும்பவில்லை.

அந்தப் பேர் என் மண்டையில் சிக்கிக்கொண்டது. லாம்பிஸ் கைராக்ரா. யார் அது?

இருமேனியில் எங்களுக்குத் தெரிந்த அக்கா ஒருவர் அப்போது விலங்கியல் எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் ஒரு படப் புத்தகத்தை விரித்து இரண்டு சங்குகளைக் காட்டினார். இரண்டுமே எங்கள் கடையில் பார்த்ததுதான். இரண்டுக்குமே மாமா சொல்கிற பேர் ஐவிரல். ஒன்று லாம்பிஸ் லாம்பிஸ். அதற்கு விரல்கள் ஒரே பக்கமாக வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். மற்றது லாம்பிஸ் கைராக்ரா. அதன் விரல்கள் தடித்து, வளைந்து, இரண்டு பக்கமும் கொக்கி மாதிரி விரிந்திருக்கும். வாய்க்குள்ளே கோடு கோடாக இருக்கும். 2001-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் கடல் அட்டை, கடல் குதிரை என்று பலதையும் சேர்த்தார்கள் அல்லவா? அப்போது சில சங்குகளும் சேர்ந்தன. கைராக்ரா அந்தப் பட்டியலில் இருந்தது. லாம்பிஸ் லாம்பிஸ் இல்லை.

"அப்ப எங்க பெட்டியில?"

"ரெண்டும் கலந்திருக்கும். உங்க மாமாவுக்கு ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார் அக்கா.

யோசித்துப் பார்த்தேன். கைராக்ரா நம் கரைச் சரக்கு இல்லை. தூத்துக்குடி வியாபாரி அனுப்புகிற மூட்டையில் எங்கிருந்தோ வந்து கலந்த இரண்டு மூன்று இருந்திருக்கலாம். அந்த இரண்டு மூன்றுக்காக இரண்டு பெட்டியும் எட்டு மாதமும் போயின.

இந்த இடத்தில் நம் வகுப்பு உதாரணம் ஒன்று. கடையில் போய் "அண்ணே, பேரிங் குடுங்க" என்று கேட்டால் அவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். "6204 குடுங்க" என்றால் பேசாமல் எடுத்துப் போடுவார். ஆழ்பள்ள பால் பேரிங் என்பதற்கு 6, எந்த வரிசை என்பதற்கு 2, உள்விட்டம் 20 மில்லிமீட்டர் என்பதற்கு 04. ராமநாதபுரத்தில் கேட்டாலும் ஜெர்மனியில் கேட்டாலும் அதே சாமான்தான். உயிரினங்களுக்கு அப்படி ஒரு நம்பர் போடுகிற வேலையை 18-ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் செய்து வைத்தார். சுவீடன் நாட்டு கார்ல் லின்னேயஸ். பிறந்தது 1707.

அவருக்கு முன்னால் ஒரு செடிக்குப் பேர் என்றால் அது லத்தீனில் ஒரு வாக்கியம். இலை இப்படி, தண்டு அப்படி, பூ இந்த மாதிரி என்று வருணித்துக்கொண்டே போவார்கள். புதிதாக ஒரு செடி கிடைத்தால் பழசிலிருந்து பிரித்துக் காட்ட வாக்கியத்தில் இன்னும் இரண்டு வார்த்தை சேரும். லின்னேயஸ் இதை இரண்டே சொல்லாகச் சுருக்கினார். முதல் சொல் பேரினம், இரண்டாவது சொல் சிற்றினம். நம் இனிஷியலும் பேரும் மாதிரி. செடிகளுக்கு 1753-ல் ஒரு புத்தகம். விலங்குகளுக்கு 1758-ல் 'சிஸ்டமா நேச்சுரே' என்ற புத்தகத்தின் பத்தாம் பதிப்பு. விலங்கியல்காரர்களுக்கு இன்றுவரை அந்தப் பத்தாம் பதிப்புதான் கணக்குத் தொடங்குகிற நாள். பத்தாம் வகுப்பில் 'இருசொற் பெயரிடும் முறை' என்று ரெண்டு மார்க்குக்கு மனப்பாடம் செய்தோமே, அது இதுதான். அப்போது மாமாவின் இரண்டு பெட்டி என் கண்முன் வந்தது. ரெண்டு மார்க்கும் வந்தது.

லின்னேயஸ் நம் பக்கம் வந்ததே இல்லை. ஆனால் அவரிடம் படித்த கோனிக் என்ற டாக்டர் 1768-ல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். அங்கே இருந்த ஜான் என்ற பாதிரியார் நம் கடல் மீன்களை பெர்லினில் இருந்த பிளாக் என்ற மீன் ஆராய்ச்சியாளருக்கு அனுப்பி வைத்தார். அப்படிப் போனவற்றில் ஒன்று நம் கத்தாளை மீன். 1793-ல் பிளாக் அதற்கு வைத்த பேர் ஜோனியஸ் கருட்டா. ஜோனியஸ் என்பது அனுப்பி வைத்த ஜானின் பேர். கருட்டா? நம் 'கறுத்த' கத்தாளையில் இருக்கிற 'கறுத்த'தான்! தரங்கம்பாடிக் கரையில் எந்த மீனவரோ வலையை உதறிக்கொண்டே சொன்ன சொல், பெர்லின் போய் அச்சேறி இரண்டு நூற்றாண்டுக்கு மேலாக அப்படியே உட்கார்ந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட அன்று வீட்டில் கத்தாளைக் குழம்பு. நான் மட்டும் ஒரு மரியாதையோடு சாப்பிட்டேன்.

இப்படி நம் சொல் இன்னும் சில உண்டு. முருங்கைதான் மோரிங்கா. தேக்குதான் டெக்டோனா. வெட்டிவேர் ரொம்ப நாள் வெட்டிவேரியா என்றே இருந்தது. பிறகு வேறு பேரினத்தில் சேர்த்து கிரைசோபோகன் என்று ஆக்கிவிட்டார்கள்.

சங்கின் கதையும் இப்படித்தான், ஆனால் எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. கோயிலில் ஊதுகிற, குழந்தைக்குப் பால் புகட்டுகிற நம் சங்குக்கு லின்னேயஸ் 1767-ல் வைத்த பேர் வொலூட்டா பைரம். பைரம் என்றால் பேரிக்காய். சுவீடன்காரருக்குச் சங்கைப் பார்த்ததும் பேரிக்காய் ஞாபகம் வந்திருக்கிறது, என்ன செய்ய! பிறகு 1798-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் போல்ட்டன் என்ற டாக்டர் சேர்த்து வைத்துவிட்டுப் போன சங்கு, சிப்பிகளை விற்பதற்காக ரோடிங் என்பவர் ஒரு விலைப்பட்டியல் போட்டார். ஆமாம், ஏலப் பட்டியல்தான், மாமா நோட்டில் எழுதி வைத்திருப்பது மாதிரி. அதில் நம் சங்குக்கு அவர் வைத்த பேரினப் பேர் சாங்கஸ். சங்கு என்ற சொல்லே கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு நிற்கிறது! மறு வருஷம் 1799-ல் பிரான்ஸில் லாமார்க் அதே சங்குக்கு டர்பினெல்லா என்று பேர் வைத்தார். முதலில் வைத்த பேர்தான் செல்லும் என்பது விதி. ஆகவே சாங்கஸ் ஜெயித்திருக்க வேண்டும். கொஞ்ச காலம் ஜெயிக்கவும் செய்தது. பழைய மீன்வளப் புத்தகங்களில் சாங்கஸ் பைரம் என்றே இருக்கும். ஆனால் பல பேர் டர்பினெல்லா என்றே எழுதிப் பழகிவிட்டார்கள், குழப்பம் வேண்டாம் என்று விலங்குப் பேர்களுக்கான சர்வதேச ஆணையம் சாங்கஸை ஒதுக்கி வைத்துவிட்டது. ஒரு வருஷம் முந்தி வந்தும் நம் சங்கு தோற்றுப்போனது.

மாமாவிடம் இதைச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அங்கேயும் ஆள் பலம் வேணும் போல" என்றார்.

அதே ஏலப் பட்டியலில்தான் லாம்பிஸ் என்ற பேரினமும் பிறந்தது. லின்னேயஸ் 1758-ல் ஸ்ட்ராம்பஸ் லாம்பிஸ் என்று வைத்திருந்ததை ரோடிங் தனிக் குடித்தனம் வைத்தார். அதனால்தான் அது லாம்பிஸ் லாம்பிஸ் ஆனது. நாகப்பாம்பு நாஜா நாஜா ஆனது மாதிரி. (செடிகளுக்கு இப்படி ஒரே சொல்லை இரண்டு முறை வைக்க விதி அனுமதிக்காது. விலங்குகளுக்கு மட்டும்தான் இந்தச் சலுகை.) இப்படி ஒரு இனம் வீடு மாறினால், முதலில் பேர் வைத்தவரின் பேரை அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். மியூசியத்தில் லின்னேயஸ் பேர் அடைப்புக்குறிக்குள் இருப்பதைப் பார்த்தால், ஆள் அதே ஆள்தான், விலாசம் மட்டும் மாறியிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

இதையெல்லாம் படித்ததும் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது. ஊர்ப் பேர் எல்லாம் குத்துமதிப்பு, லத்தீன்தான் சரி என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு ஒத்தாசையாக எங்கள் பக்கத்தில் வளர்க்கிற பாசியின் பேர் வேறு இருக்கிறது. 'பெப்சி பாசி' என்கிறோம். அந்தக் கம்பெனி ஒப்பந்தம் போட்டு வளர்க்கச் சொன்ன காலத்தில் ஒட்டிய பேர். கம்பெனி எப்போதோ விலகிவிட்டது, பேர் விலகவில்லை. அதன் லத்தீன் பேர் காப்பாஃபைகஸ் அல்வரேஸி. அதிலிருந்து எடுக்கிற காப்பா கராஜீனன் என்ற பசைப்பொருள் முதல் பாதியில் இருக்கிறது. பிலிப்பைன்ஸ் நாட்டு அல்வரேஸ் இரண்டாம் பாதியில் இருக்கிறார். விளம்பரத்துக்கு இடமே இல்லை பாருங்கள்!

என் தலைக்கனத்தை இறக்கியது ஒரு வலம்புரி.

மாமா மறுபடி கடை திறந்திருந்தார். ஒருவர் பட்டுத்துணியில் சுற்றி ஒரு வலம்புரிச் சங்கு கொண்டுவந்தார். இருபத்தையாயிரம் கேட்டார். "அவசரத்துக்கு விக்கிறேன், நீங்க ஒரு லட்சத்துக்குக் கொடுக்கலாம்" என்றார். வலம்புரி என்றால் என்ன என்று மெக்கானிக்கல்காரர்களுக்கு ஒரு வரியில் சொல்லிவிடலாம்: லெஃப்ட் ஹேண்ட் த்ரெட். நம் ஒர்க்‌ஷாப்பில் ஆக்சிஜன் ஹோஸின் நட்டு வழக்கமான மரை, அசிட்டிலின் ஹோஸின் நட்டு இடது மரை இல்லையா? அதுபோல சாதாரணச் சங்கெல்லாம் வலது மரை. லட்சத்தில் ஒன்று என்று சொல்கிற வலம்புரி இடது மரை. வேடிக்கை என்னவென்றால், நாம் வலம் என்பதை விலங்கியல்காரர்கள் இடது என்கிறார்கள். அவர்கள் கூர்நுனியை மேலே வைத்து, வாய் நம்மைப் பார்க்கிற மாதிரி பிடித்துப் பார்க்கிறார்கள். வலம்புரியின் வாய் இடப்பக்கம் வரும். நாம் தலைகீழாகப் பிடிக்கிறோம். வாய் வலப்பக்கம் வந்துவிடும். மரை மாறவில்லை, பிடித்த கைதான் மாறியது.

நான் சங்கை வாங்கிப் பார்த்தேன். வாய் சரியான பக்கம்தான். நிறமும் வெள்ளை. எனக்குள் சந்தோஷம். மாமா என்னிடமிருந்து வாங்கினார். பார்க்கக்கூட இல்லை. கட்டை விரலை வாய்க்குள் விட்டு நடுத்தண்டைத் தடவினார். உடனே பட்டுத்துணியில் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இது சங்கே இல்லைங்க. படியைக் காணோம்."

வந்தவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போனார். நம் சங்கின் நடுத்தண்டில் மூன்று நாலு வரம்பு மடிப்பு இருக்கும், அதைத்தான் மாமா படி என்கிறார். அன்று ராத்திரி இருமேனி அக்காவிடம் கேட்டேன். அமெரிக்கக் கடலில் பிறவியிலேயே இடது மரையாக வளர்கிற ஒரு நத்தை இருக்கிறதாம், லட்சத்தில் ஒன்று அல்ல, அந்த இனமே அப்படித்தான். அதை வெளுப்பாக்கி வலம்புரி என்று விற்கிற வியாபாரம் நடக்கிறதாம். லின்னேயஸ் அதற்கு வைத்த பேர் பெர்வெர்சஸ். தப்புப் பக்கம் திரும்பியது என்று அர்த்தம். டர்பினெல்லாவுக்கு நடுத்தண்டில் மடிப்பு உண்டு, அதற்கு அந்த மடிப்பு கிடையாது என்றுதான் புத்தகத்திலும் பிரித்திருக்கிறது. மாமா லத்தீன் படிக்கவில்லை. ஜாதிச் சங்கு, பட்டிச் சங்கு என்று புத்தகம் ஒரே இனமாகக் கட்டிவிட்டதைக்கூட வடிவம் பார்த்துப் பிரிக்கிற ஆள் அவர். அவருக்கு எது தேவையோ அதைப் பிரித்து வைத்திருந்தார். விரல் சங்கில் ஆறு விரல் ஒரு பக்கமா, இரண்டு பக்கமா என்று பிரிக்க 2001 வரைக்கும் அவருக்குத் தேவையே வரவில்லை. எல்லாம் ஒரே விலை.

அந்தத் தாள் தமிழில் இருந்திருக்கலாம், பக்கத்தில் ஒரு படம் போட்டிருக்கலாம் என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது. சட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூட்டையில் வருகிற சங்குகள் வருஷத்துக்கு வருஷம் சின்னதாகிக்கொண்டே வருவதை மாமாவே சொல்வார். 2022-ல் சட்டத்தைத் திருத்தி அட்டவணைகளை மாற்றியமைத்தார்கள். பேர்களும் சும்மா இருப்பதில்லை. ஆராய்ச்சியாளர்கள் இப்போது கைராக்ராவை லாம்பிஸ் வீட்டிலிருந்து பிரித்து ஹார்பகோ கைராக்ரா என்கிறார்கள். ஹார்பகோ என்றால் கொக்கி. கப்பல்காரர்கள் எறிந்து இழுக்கிற கொக்கி. அதாவது ஒரே சங்கை இரண்டு பேரில் தேட வேண்டும்.

அதனால் போன வருஷம் செமஸ்டர் லீவில் நானும் மாமாவும் உட்கார்ந்து ஒரு சார்ட் போட்டோம். இன்ஜினியரிங் டிராயிங் ஷீட்டில், நம்ம ஸ்டைல் லெட்டரிங்கில். இடப்பக்கம் மாமா சொல்கிற பேர், நடுவில் நான் வரைந்த படம், வலப்பக்கம் லத்தீன் பேர் தமிழ் எழுத்தில். கூடாதது எல்லாம் சிவப்பு ஸ்கெட்ச். பட்டியலில் வருகிற சிலதுக்கு மாமாவிடம் பேர் இருந்தது. கைராக்ராவில் வந்து முட்டிக்கொண்டது. ஐவிரல் என்று எழுதினால் பழைய கதைதான்.

"அந்த வார்த்தைக்கு அர்த்தம் என்னடா?" என்றார்.

"கைவிரல் மூட்டெல்லாம் வீங்கி மடங்கிப் போற வாதம், மாமா. லின்னேயஸுக்கு அந்த விரல்களப் பாத்ததும் வாதம் வந்த கை மாதிரி தெரிஞ்சிருக்கு. இதோட சொந்தக்காரச் சங்கு ஒண்ணுக்கு ஆர்த்ரிடிகா. அதுவும் மூட்டுவாதம்தான்."

மாமா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திண்ணையில் அம்மாச்சி வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தது. அம்மாச்சிக்கு இரண்டு கையிலும் விரல்கள் கொக்கியாக வளைந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. உலக்கையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத்தான் இடிக்கும். நான் பார்த்தேன். மாமாவும் பார்த்தார். ரெண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மாமா பென்சிலை எடுத்துத் தானே எழுதினார்: அம்மாச்சி கை.

"என்னடா ரெண்டு பேரும் என்னையே பாக்குறீக?" என்றது அம்மாச்சி.

"ஒண்ணுமில்ல ஆத்தா, உனக்குச் சுவீடன்ல ஒரு சொந்தக்காரர் இருக்காராம்."

"இருந்தா ஒரு நடை வந்து பாக்கச் சொல்லு."

சார்ட் இப்போது கடையில் தொங்குகிறது. டூர் வருகிறவர்கள் அதைப் போட்டோ எடுக்கிறார்கள், சங்கு வாங்குவதில்லை. போன மாதம் தூத்துக்குடி வியாபாரியிடமிருந்து போன் வந்தது. புது மூட்டை வந்திருக்கிறதாம். மாமா சாமானை எல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில், "விரல் சங்கு அனுப்பும்போது பார்த்து அனுப்புங்க. அம்மாச்சி கை ஒண்ணுகூட வரக் கூடாது" என்றார். எதிர்ப்பக்கம் அவர் திரும்பத் திரும்ப என்னவோ கேட்டார். மாமா போனை என்னிடம் நீட்டினார்.

"அவருக்குப் புரியலையாம். நீ அந்த லத்தீன் பேரைச் சொல்லுடா மாப்ள."

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை